பொரித்த முதலைக்கறி சாண்ட்விச்: இறைச்சி ரப்பராகாமல் வீட்டில் செய்வது எப்படி?

நியூ ஆர்லியன்ஸ் சென்றிருந்தபோது கடையில் உண்ட பொரித்த முதலைக்கறி சாண்ட்விச்சை ஹூஸ்டனில் உங்கள் வீட்டிலேயே செய்து பார்த்ததாகவும், மேல்மாவு நன்றாகச் சிவந்திருந்தும் உள்ளே இறைச்சி ரப்பர்போல இழுபட்டதாகவும், கூடவே ஒரு சேற்று வாடை அடித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். தவறு எண்ணெயின் சூட்டிலா, மசாலாவிலா என்று கேட்கிறீர்கள். இரண்டிலும் இல்லை என்றே நான் கருதுகிறேன். முதலைக்கறியின் விதி அடுப்புக்கு வருமுன்பே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. எந்தப் பகுதியின் சதை, அதில் கொழுப்பு எவ்வளவு ஒட்டியிருந்தது, எந்தத் திசையில் எவ்வளவு கனமாக வெட்டினீர்கள் என்பவை சரியாக இருந்தால் எண்ணெயில் இரண்டு மூன்று நிமிடம் கிடந்தாலே போதும். சரியில்லையென்றால் எந்த மசாலாவும் அதைக் காப்பாற்றாது.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலையின் சதையில் கொழுப்பு இழைகள் ஊடுருவி இருப்பதில்லை. கொழுப்பெல்லாம் தசைகளுக்கு இடையே தனித்தனிப் படலமாகத் தங்கியிருக்கும். ஆகவே சூடு ஏறியதும் புரதம் சுருங்கி நீரை வெளியே தள்ளும்போது, அந்த வறட்சியை ஈடுகட்ட உள்ளே எதுவும் இருப்பதில்லை. இன்னொரு பக்கம், வாலாலேயே நீந்தும் விலங்கு என்பதால் தசைநார்களைப் பிணைக்கும் சவ்வு வலுவாக இருக்கும். அந்தச் சவ்வு கரைந்து மிருதுவாக ஒரு மணி நேரத்துக்கும் மேலான ஈரச் சூடு வேண்டும். பொரிக்கும்போது அது கிடைக்கப் போவதில்லை. ஆகவே முதலைக்கறியை மிகக் குறைந்த நேரம் சமைக்க வேண்டும், இல்லையென்றால் மிக நீண்ட நேரம் சமைக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஏழெட்டு நிமிடப் பொரியல்தான் நீங்கள் சொன்ன ரப்பரைத் தருகிறது. கனமான துண்டாக இருந்தால், உள்ளே வேகும்வரை காத்திருக்கும் நேரத்திலேயே வெளிப்பகுதி அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

கடையில் உறைநிலையில் கிடைக்கும் 454 கிராம் பொட்டலங்களில் பெரும்பாலும் பண்ணையில் வளர்த்த, அலிகேட்டர் என்னும் அமெரிக்க வகை முதலைகளின் இறைச்சி இருக்கும். நியூ ஆர்லியன்ஸ் இருக்கும் லூசியானா மாநிலத்தின் பண்ணைகள் தோலுக்காகவே நடக்கின்றன. இறைச்சி அதன் துணைப் பொருள். மூன்று முதல் ஐந்து அடி நீளத்தை எட்டியதுமே இவற்றை அறுத்துவிடுவதால், ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும் வேட்டைப் பருவத்தில் சதுப்பு நிலங்களில் பிடிக்கப்படும் பெரிய காட்டு முதலைகளைவிட இவற்றின் சதை இளசாக இருக்கும். சாண்ட்விச்சுக்கு வால் சதைதான் வேண்டும்; வெளிர் நிறத்தில், ஏறக்குறைய கோழியின் நெஞ்சுக்கறி போலத் தெரியும். தாடைச் சதையும் நன்றாகவே பொரியும், ஆனால் தேடித்தான் வாங்க வேண்டும். கால், உடல் பகுதிச் சதை சற்றே கருத்து, நார் மிகுந்திருக்கும். பொட்டலத்தில் வெறுமனே 'முதலை இறைச்சி' என்றோ 'நக்கெட்ஸ்' என்றோ எழுதியிருந்து, 'வால்' என்ற சொல் இல்லையென்றால், கலவையான சதையாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் பொட்டலம் அப்படிப்பட்டதாக இருந்திருக்கலாம். அத்தகைய சதையைப் பொரிக்காமல், தக்காளியும் மிளகாயும் சேர்த்து லூசியானாவில் 'சாஸ் பீக்கான்ட்' என்று செய்யும் காரக் குழம்பில் ஒன்றரை மணி நேரம் கொதிக்க விடுவதே அதற்குச் செய்யும் மரியாதை.

இதை வாங்கி உண்பது முறையா என்ற தயக்கம் சிலருக்கு இருக்கும் என்பதால் அதையும் சொல்கிறேன். அளவின்றி வேட்டையாடியதால் அருகிப்போன அமெரிக்க அலிகேட்டரை வேட்டையாட 1962-இல் லூசியானா தடை விதித்தது. 1967-இல் அது அமெரிக்க அரசின் அழியும் நிலை உயிரினப் பட்டியலில் சேர்ந்தது. எண்ணிக்கை மீண்டதும் 1972-இல் கேமரன் பகுதியில் மட்டும் கட்டுப்பாடுகளோடு வேட்டை மறுபடி தொடங்கியது. முழுமையாக மீண்டுவிட்டதாக 1987-இல் அறிவிக்கப்பட்டது. இன்று பண்ணையாளர்கள் தனியார் சதுப்பு நிலங்களிலிருந்து முட்டைகளை விலைக்கு எடுத்துக் குஞ்சு பொரிக்க வைத்து, வளர்ந்தவற்றில் ஒரு பங்கைக் காட்டிலேயே திரும்ப விட வேண்டும் என்பது விதி. முட்டைக்குக் காசு கிடைப்பதால் நில உரிமையாளருக்குச் சதுப்பைத் தூர்க்காமல் வைத்திருக்க ஒரு காரணம் இருக்கிறது. ஆனால் எல்லா நாட்டிலும் இந்த நிலை இல்லை. இந்தியாவில் உள்ள சதுப்பு முதலை, உவர்நீர் முதலை, கரியால் ஆகிய மூன்றும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை; அங்கே இந்தச் சமையல் குறிப்பை யாரும் முயலக் கூடாது.

உணவுப் பாதுகாப்பில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கடலுணவு விதிகள், தவளையையும் நீர் ஆமையையும் சேர்த்து அலிகேட்டரையும் 'மீன்' என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கின்றன. 2010-இல் நியூ ஆர்லியன்ஸ் பேராயர் கிரெகரி அய்மண்டும், தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கத்தோலிக்கர்கள் முதலைக்கறி உண்ணலாம், அது மீன் இனத்தைச் சேர்ந்ததாகக் கருதப்படுகிறது என்று கடிதம் எழுதினார். சமையலறையில் மட்டும் அதை மீனாக நடத்தாதீர்கள். ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும் என்பதால், கோழிக்குரிய கவனம் வேண்டும். இறைச்சியின் உட்சூடு 74 டிகிரி செல்சியஸை, அதாவது 165 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்ட வேண்டும். வெட்டுப் பலகையும் கத்தியும் காய்கறிக்குத் தனி, இதற்குத் தனி. கழுவினால் நீர் தெறித்துக் கிருமி பரவும் என்றாலும், கறியைக் கழுவாமல் சமைக்க நம்மவர்களுக்கு மனம் வராது என்பது எனக்குத் தெரியும். கழுவியே தீர வேண்டுமென்றால் குழாயடியில் பீய்ச்சாமல் ஒரு பாத்திரத்து நீரில் அலசி, நீரை மெதுவாக ஊற்றிவிட்டு, தொட்டியைச் சோப்புப் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். ஒரு பொட்டலம், அதாவது 454 கிராம், மூன்று நல்ல சாண்ட்விச்சுக்குப் போதும். முதல் நாளே குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், கசிவைத் தாங்க ஒரு தட்டின் மேல் வைத்து உருக விடுங்கள். சமையல் மேடையில் வைத்தோ வெந்நீரில் போட்டோ உருக்க வேண்டாம். உருகியதும் பொட்டலத்தில் தேங்கியிருக்கும் இளஞ்சிவப்பு நீரைக் கொட்டிவிட்டு, காகிதத் துண்டால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றி எடுங்கள். அதன்பின் நல்ல வெளிச்சத்தில் உட்கார்ந்து சதையை விரலால் பிரித்துப் பாருங்கள். தசைகளுக்கு இடையே வெண்மையாகவோ லேசான மஞ்சளாகவோ, தொட்டால் விரலில் ஒட்டும் கொழுப்பு தெரியும். உங்களுக்கு அடித்த சேற்று வாடை பெரும்பாலும் இதிலிருந்து வந்ததுதான். ஆட்டுக் கொழுப்பைச் சுவைக்காக விட்டுவைக்கும் பழக்கத்தை இங்கே கைவிட்டு, கடைசித் துணுக்குவரை வழித்துவிட வேண்டும். அடுத்தது, சதையின் மேல் பளபளவென்று வெள்ளிக் காகிதம் போல ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு. கத்தி நுனியை அதன் அடியில் நுழைத்து, சவ்வின் முனையை மறு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கத்தியைச் சற்றே மேல்நோக்கிச் சாய்த்து இழுத்தால் பட்டையாகக் கழன்று வரும். அதை விட்டுவிட்டால் எண்ணெயில் சுருங்கித் துண்டையே கிண்ணம் போல வளைத்துவிடும். வளைந்த துண்டு சீராக வேகாது. இந்த ஒரு பொட்டலத்தைச் சுத்தம் செய்யக் கால் மணி நேரமாவது ஆகும். கடைகளில் உண்டதற்கும் வீட்டில் செய்ததற்கும் உள்ள வேறுபாட்டில் பாதி இந்தக் கால் மணியில்தான் இருக்கிறது.

வெட்டும்போது தசைநார் ஓடும் திசையைப் பார்த்து அதற்குக் குறுக்கே ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வில்லைகளாக வெட்டுங்கள். சதை அரைகுறையாக உறைந்திருக்கும்போது வெட்டினால் வில்லைகள் ஒரே கனத்தில் வரும். பிறகு இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து, இறைச்சித் தட்டும் சுத்தியலாலோ சப்பாத்திக் கட்டையாலோ ஏறக்குறைய அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வரும்வரை தட்டுங்கள். கிழியும்படி அடிக்க வேண்டியதில்லை. நார்கள் தளர்ந்து வில்லை அகலமானால் போதும். லூசியானா, ஃபுளோரிடா உணவகங்களில் முந்துணவாக வரும் முதலைக்கறி சிறு சிறு கட்டிகளாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கட்டிகள் ரொட்டியில் நிற்காமல் முதல் கடியிலேயே உருண்டு மடியில் விழும். சாண்ட்விச்சுக்குத் தட்டிய வில்லைதான் பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து. சீக்கிரம் வேகும் என்ற நன்மையும் அதில் இருக்கிறது.

ஊறவைக்க ஒரு கோப்பை, அதாவது 240 மில்லி, அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் கெட்டியான பட்டர்மில்க் வேண்டும். நம் வீட்டு நீர்மோர் இதற்கு உதவாது. கிடைக்காதபோது சற்றே புளித்த தயிரில் கொஞ்சம் பால் விட்டுக் கடைந்து, தோசை மாவின் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். அதில் ஒரு மேசைக்கரண்டி மிளகாய் சாஸ், இரண்டு தேக்கரண்டி கிரியோல் மசாலாத் தூள் (மிளகாய், பூண்டு, மிளகு, உப்பு கலந்த லூசியானாப் பொடி), ஒரு பல் பூண்டு விழுது சேருங்கள். கடையில் வாங்கும் கிரியோல் மசாலாவில் உப்பு தூக்கலாக இருக்கும் என்பதால் தனியே உப்பைச் சேர்க்குமுன் நாக்கில் வைத்துப் பாருங்கள். மிளகாய் சாஸில் டபாஸ்கோ காரமும் புளிப்பும் கூடியது. நியூ ஆர்லியன்ஸ்காரர்கள் பலர் விரும்பும் கிரிஸ்டல் அதைவிடச் சாந்தமானது, இந்த வேலைக்கு எனக்கும் அதுவே பிடிக்கும். குளிர்பெட்டியில் நான்கு மணி நேரம் ஊறினால் நல்லது. முதல் நாள் இரவே போட்டு வைத்தாலும் கெடாது. எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ அவ்வளவு நேரம் ஊறவைக்காதீர்கள், மேற்பரப்பு மாவுபோலக் கொழகொழத்துவிடும். பப்பாளிக்காய் விழுது போடலாமா என்று ஆட்டுக்கறி சமைத்துப் பழகிய எவருக்கும் தோன்றும். போடலாம், அரை கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். ஆனால் நன்றாகத் தட்டிய வால் சதைக்கு அது தேவையே இல்லை.

மேல்மாவுக்கு, நைஸாக அரைத்த மக்காச்சோள மாவு ஒரு கோப்பையும் மைதா அரைக் கோப்பையும் கலந்து, கிரியோல் மசாலா இரண்டு தேக்கரண்டி, மிளகுத் தூள் அரைத் தேக்கரண்டி, காரத்துக்கேற்ப மிளகாய்த் தூள் சேருங்கள். இந்தியக் கடைகளில் 'கார்ன்ஃப்ளார்' என்று விற்கும் வெள்ளை ஸ்டார்ச் வேறு, இந்த மஞ்சள் மாவு வேறு. லூசியானாவில் 'ஃபிஷ் ஃபிரை' என்ற பெயரில் விற்கும் கலவையும் இதே வகைதான். அவசரத்துக்கு அதை வாங்கலாம். மாவுக் கலவையில் ஊறவைத்த மோரையே இரண்டு கரண்டி தெளித்து விரலால் பிசிறிவிட்டால் சின்னச் சின்ன உதிரிகள் உருவாகும். பொரிந்தபின் அந்த உதிரிகளே மொறுமொறுப்பான சொரசொரப்பைத் தருகின்றன. வில்லைகளை மோரிலிருந்து எடுத்து, வடியவிட்டு, மாவில் போட்டு உள்ளங்கையால் அழுத்தித் திருப்புங்கள். உடனே எண்ணெயில் போடாமல் கம்பித் தட்டில் பத்து நிமிடம் பரப்பி வையுங்கள். மாவு ஈரத்தை இழுத்துக்கொண்டு சதையோடு ஒட்டிக்கொள்ளும்; இல்லையென்றால் எண்ணெயில் மாவு தனியாகவும் கறி தனியாகவும் கிடக்கும்.

அகலமும் ஆழமும் உள்ள இரும்பு வாணலியில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுத்திகரித்த கடலை எண்ணெயை ஊற்றிக் காய வையுங்கள். வாணலியின் பாதி உயரத்துக்கு மேல் எண்ணெய் இருக்க வேண்டாம். அமெரிக்காவின் தென் மாநிலத்தவர்களும் பொரிக்கக் கடலை எண்ணெயைத்தான் பெரிதும் விரும்புகிறார்கள் என்பதில் நமக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. சூடு 180 டிகிரி செல்சியஸ், உங்கள் ஊர் வெப்பமானியில் 355 டிகிரி ஃபாரன்ஹீட் அளவில் இருக்கட்டும். ஒரு முறைக்கு ஆறு ஏழு வில்லைகள் போதும். குவித்துப் போட்டால் சூடு சட்டென்று இறங்கி, மாவு எண்ணெயைக் குடித்துவிடும். போட்டதும் பெரிய பெரிய குமிழிகளாக ஓசையுடன் கொதிக்கும். ஒரு நிமிடம் கழித்து ஒருமுறை திருப்புங்கள். குமிழிகள் சிறுத்து, ஓசை தணிந்து, வில்லை மிதந்து, பொன்னிறம் வந்தால் எடுத்துவிட வேண்டும். தட்டிய வில்லைக்கு மொத்தமாக இரண்டு முதல் மூன்று நிமிடம். கனமான வில்லை ஒன்றைத் தேர்ந்து, வெப்பமானியின் ஊசியை மேலிருந்து குத்தாமல் பக்கவாட்டில் நடுவரை செலுத்தி 74 டிகிரியைச் சரிபாருங்கள். மெல்லிய வில்லையில் அந்த அளவு எளிதில் வந்துவிடும். வந்தபின் 'இன்னும் கொஞ்சம் சிவக்கட்டும்' என்று விட்டுவைப்பதுதான் கெடுதல். எடுத்ததைக் காகிதத்தின் மேல் அடுக்காமல் கம்பித் தட்டில் பரப்பி, சூட்டோடு ஒரு சிட்டிகை உப்புத் தூவுங்கள். எண்ணெய் தீப்பற்றினால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றக் கூடாது.

ரொட்டியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் உண்டது வெறும் சாண்ட்விச் அல்ல, நீள ரொட்டியில் செய்யும் நியூ ஆர்லியன்ஸின் 'போ-பாய்'. 1929-இல் நியூ ஆர்லியன்ஸ் டிராம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்பு அதே டிராமில் நடத்துநர்களாக இருந்து பின்னர் உணவுக் கடை வைத்த பென்னி மார்ட்டின், கிளோவிஸ் மார்ட்டின் என்ற சகோதரர்கள் போராடும் தொழிலாளர்களுக்கு இலவசமாக சாண்ட்விச் வழங்கினார்கள். தொழிலாளி வருவதைக் கண்டதும் 'இதோ இன்னொரு ஏழைப் பையன் (புவர் பாய்) வருகிறான்' என்று கடைக்குள் குரல் கொடுப்பார்களாம்; பெயர் அதிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள். அவர்களுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்த ஜான் ஜென்டுசா, இரு முனையும் கூம்பிய பழைய பிரெஞ்சு ரொட்டியில் முனைகள் வீணாவதைத் தவிர்க்க, ஒரே அகலத்தில் 40 அங்குல நீளத்துக்கு ஒரு ரொட்டியை உருவாக்கினார். அந்த ரொட்டியின் மேல்தோடு காகிதம்போல மெல்லியதாக, தொட்டால் நொறுங்கும், உள்ளே பஞ்சு. பாரிஸ் பாணி பகெட்டை இதற்கு வாங்காதீர்கள், அதன் தடித்த தோட்டைக் கடித்து இழுப்பதற்குள் உள்ளிருக்கும் கறி பின்பக்கமாக வெளியேறிவிடும். ஹூஸ்டனில் உங்களுக்கு எளிதான மாற்று, வியட்நாமியக் கடைகளில் பான் மீ என்னும் அவர்களது சாண்ட்விச் செய்யப் பயன்படும் ரொட்டி. 1975-க்குப் பின் நியூ ஆர்லியன்ஸில் குடியேறிய வியட்நாமியர்களின் ரொட்டிக்கும் போ-பாய் ரொட்டிக்கும் வேறுபாடு மிகக் குறைவு. அங்கே 1982-இல் தொடங்கிய டாங் ஃபுவாங் பேக்கரியின் ரொட்டியை போ-பாய் விற்கும் உணவகங்களே வாங்குகின்றன. எதை வாங்கினாலும், பரிமாறுவதற்குச் சற்று முன் 180 டிகிரி செல்சியஸ் ஓவனில் நான்கைந்து நிமிடம் சூடாக்குங்கள்.

சாஸ் எளிது. முக்கால் கோப்பை மயோனைஸ், ஒரு மேசைக்கரண்டி கொரகொரப்பான கிரியோல் கடுகு விழுது, எலுமிச்சைச் சாறு, மிளகாய் சாஸ், பாப்ரிகா, பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள், செலரி, பூண்டு, வெள்ளரி பிக்கிள் ஆகியவற்றைக் கலந்து ஒரு மணி நேரம் குளிரவிட்டால் நியூ ஆர்லியன்ஸ் பாணி ரெமுலாட் தயார். கடுகு சற்றுத் தூக்கலாகவே இருக்கட்டும். கொழுப்பில்லாத இந்தக் கறிக்கு மயோனைஸின் வழுவழுப்பும் கடுகின் உறைப்பும் சேர்ந்துதான் துணை நிற்கின்றன. சிலர் தேங்காய்ச் சட்னியோ புதினாச் சட்னியோ தடவலாம் என்று யோசனை சொல்வார்கள். சுவைக்கும், ஆனால் நீங்கள் தேடும் சுவை அதுவல்ல.

அடுக்கும்போது ரொட்டியை முழுவதும் அறுத்துப் பிரிக்காமல் ஒரு பக்கம் கீல்போல ஒட்டியிருக்கும்படி திறந்து, இரு பக்கமும் சாஸைத் தடவுங்கள். அடியில் மெல்லிசாகச் சீவிய ஐஸ்பெர்க் கீரை, அதன் மேல் உப்புத் தூவி நீர் வடித்த தக்காளி வில்லை, பிக்கிள், மேலே சூடான முதலைக்கறி. இவை அனைத்தும் சேர்ந்ததைத்தான் அங்கே கடையில் 'ட்ரெஸ்ட்' என்று கேட்டு வாங்குவார்கள். தக்காளி நேராகக் கறியின் மேல் படாதபடி வைத்தால் மாவு சில நிமிடம் கூடுதலாக மொறுமொறுப்பாக இருக்கும். வீட்டில் நாலு பேர் இருந்தால் பொரிப்பவர் கடைசியாகத்தான் உட்கார முடியும், ஏனென்றால் இதை அடுக்கி வைத்துவிட்டு ஆட்களைக் கூப்பிடும் வழக்கம் சரிப்படாது.

மிஞ்சிய வில்லைகளைக் கறியாகவே தனியே மூடி, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். மறுநாள் 200 டிகிரி செல்சியஸ் ஓவனிலோ ஏர் ஃபிரையரிலோ ஐந்து நிமிடம் சூடாக்கினால் மாவு மறுபடி மொறுமொறுக்கும், சதை முதல் நாளைவிடச் சற்றே இறுகியிருக்கும். மைக்ரோவேவில் மட்டும் வைக்க வேண்டாம், அது நேராக நீங்கள் புகார் சொன்ன அந்த ரப்பருக்கே கொண்டுபோய் விட்டுவிடும்.